ஏழாயிரத்து முந்நூற்றுப் பதினாறாவது படம்

இந்தக் கதையில் குருவுக்கு வயது முப்பத்து நான்கு. சீடருக்கு அறுபத்தொன்று. குருவுக்குத் தாடியும் கிடையாது, காவியும் கிடையாது. பியூலா என்று பெயர். ஆசிரமம் கோயம்புத்தூர் கணபதியில், மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டும் கடையின் மேல்மாடியில் இருந்தது. கீழேயிருந்து வார்னிஷ் வாசனை மேலே வரும். மேலேயிருந்து வண்ணம் கரைக்கும் டர்பன்டைன் வாசனை கீழே போகும். இரண்டு தரப்பும் அதற்காகச் சண்டை போட்டதில்லை.

சீடர் நாச்சிமுத்து ஒரு ஆனி மாதக் காலையில் அந்த மாடிப்படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி வந்தார். முழங்கால் வலிக்காரர். அன்றைக்கு அது அவர் ஞாபகத்தில் இல்லை. கையில் சுருட்டிய காகிதம் ஒன்று இருந்தது.

"ஓவியம் சொல்லித் தர்ற டீச்சருங்களா?"

"ஆமாங்க. உட்காருங்க சார். மூச்சு வாங்குது பாருங்க."

"உட்கார நேரமில்லீங்க. மொதல்ல இதப் பாருங்க."

காகிதத்தை மேசையில் விரித்தார். அடர்ந்த இருட்டுக்குள் நீலப் பட்டைகள் வளைந்து வளைந்து ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்திருந்தன. மேலே போகப் போக வெளுத்தன. கீழே இடது மூலையில் மட்டும் ஒரு துளிச் சிவப்பு, எதையும் தொடாமல் தனியாக நின்றது. இன்ன உருவம் என்று எதையும் சொல்ல முடியாது. ஆனாலும் பார்த்த கண்ணை எடுக்க முடியவில்லை.

"நல்லாருக்குதே! யாரு வரைஞ்சது?"

"அதுதானுங்க எனக்கும் தெரியல."

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

நாச்சிமுத்து முப்பத்தோரு வருஷம் ஒரு ஜவுளி ஆலையின் டிசைன் பிரிவில் வேலை பார்த்தவர். போர்வைப் பூவும் புடவைக் கரையும் போடுவதற்குக் கம்ப்யூட்டருக்கு ப்ரோக்ராம் எழுதுவார். முதலாளி பூவைச் சின்னதாக்கு என்றால் சின்னதாக்குவார், பெரிதாக்கு என்றால் பெரிதாக்குவார். அவர் போட்ட கரை எத்தனையோ கல்யாணங்களுக்குப் போய் வந்திருக்கிறது. அவர் பெயர் ஒரு நூல் முனையில்கூட இருந்ததில்லை. அந்த வருத்தம் அவருக்கு நிறைய உண்டு. யாரிடமும் சொன்னதில்லை.

ஓய்வு பெற்ற பிறகு, யாரும் கேட்காத ஒரு ப்ரோக்ராமை வீட்டில் உட்கார்ந்து எழுதினார். பொத்தானை ஒருமுறை அமுக்கினால் ஒரு படம் வரும். கோடு எப்படி வளையலாம், எந்தெந்த நிறம் வரலாம் என்று மட்டும் அவர் சொல்லி வைத்திருந்தார். மீதியைக் கம்ப்யூட்டர் தாயம் உருட்டிப் போட்டது. ஒரு கோடைக்குள் பதினோராயிரம் படங்கள் வந்தன. ஏழாயிரத்து முந்நூற்றுப் பதினாறாவது வந்தபோது நாற்காலியை விட்டு எழுந்தவர், அன்று முழுக்க உட்காரவில்லை.

"பெருசாப் பாக்கோணும்னு ஃப்ளெக்ஸ்ல அடிச்சுப் பாத்தேனுங்க. எந்தக் கடைத் தெறப்பு விழான்னு எம் வீட்டுக்காரி கேக்கறா. மனசு விட்டுப் போச்சு. இத எண்ணெய் வண்ணத்துல, கையால, நானே வரையோணுமுங்க."

"இதுக்கு முன்னால பிரஷ் புடிச்சிருக்கீங்களா?"

"வீட்டு கேட்டுக்குப் பெயின்ட் அடிச்சிருக்கேனுங்க."

"அது போதும். என்ன அவசரம்?"

நாச்சிமுத்து சட்டைப் பையிலிருந்து இன்னொரு தாளை எடுத்தார். ஆவணியில் ஊர் ஓவியர்கள் சேர்ந்து நடத்தும் கண்காட்சிக்கான ஃபார்ம். அதில் 'ஓவியர் பெயர்' என்று ஒரு கட்டம் இருந்தது. அதன் கீழே 'இது என் சொந்தப் படைப்பு' என்று ஒரு வரி. அதற்கும் கீழே கையெழுத்து.

"இதுலதானுங்க மாட்டிக்கிட்டேன். நான் வரைஞ்சாலும் மெசின் போட்டதப் பாத்துத்தான வரையப் போறேன்? அப்ப அது மெசினோட படமுங்களா, என்னோட படமுங்களா? ஒருக்காவது எம் பேரு ஒண்ணுல இருக்கோணும்னு ஆசை. ஆனா, பொய்க் கையெழுத்துப் போட்டுப் பேரு வாங்க எனக்கு இஷ்டமில்லீங்க."

பியூலா சுவரோரம் சாய்த்து வைத்திருந்த வெள்ளைக் கேன்வாஸ் ஒன்றை எடுத்து வந்து ஸ்டாண்டில் ஏற்றினார்.

"வரைங்க சார்."

"கேள்விக்குப் பதில் சொல்லலீங்களே?"

"கேட்கறதுக்கு இன்னும் படமே வரலீங்களே."

இரண்டு நாள் கழித்துப் பியூலா கதவைத் திறந்தபோது, சீடர் அவருக்கு முன்பே வந்து வாசலில் காத்திருந்தார். கேன்வாஸை வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தவர், இப்போது அதை மார்போடு பிடித்துக்கொண்டிருந்தார். முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

"பேக்ரவுண்ட் முடிஞ்சுதுங்க டீச்சர்!"

திருப்பிக் காட்டினார். ஓரத்திலிருந்து ஓரம் வரை கறுப்பு. ஊசி குத்த வெள்ளை இல்லை.

"என்னங்க சார் இது?"

"ப்ரோக்ராம்ல மொத வரியே அதுதானுங்களே. திரையப் பூராக் கறுப்பாக்கு, அப்பறம் மத்தது. வரிசை தப்பாமப் பண்ணியிருக்கேன்."

பியூலா சிரித்தார். நின்று சிரிக்க முடியாமல் ஸ்டூலில் உட்கார்ந்து சிரித்தார். நாச்சிமுத்துவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது, எதற்கென்று தெரியாமலே.

"கறுப்புல தொடங்கி வரையறவங்களும் இருக்காங்க சார். ஆனா உங்க நீலத்துக்கு அது ஆகாது. இங்க வாங்க."

குப்பைக் கூடையிலிருந்து இரண்டு துண்டு கேன்வாஸ் எடுத்தார். ஒன்று வெள்ளை. இன்னொன்றில் யாரோ கறுப்பு தேய்த்திருந்தார்கள். ஒரே நீலத்தை எண்ணெயில் கரைத்து இரண்டின் மேலும் மெல்லிசாகப் பூசினார். ஜன்னல் வெளிச்சத்தில் நீட்டினார்.

வெள்ளைமேல் இருந்த நீலம் பளிச்சென்று எரிந்தது. கறுப்புமேல் நீலமே காணோம்.

"எங்கீங்க போச்சு?"

"உங்க மானிட்டர்ல வெளிச்சம் எங்கிருந்து வருது?"

"பின்னாலருந்துங்க."

"இதுலயும் பின்னாலருந்துதான் வரோணும்."

நாச்சிமுத்து வெள்ளைத் துண்டைக் கையில் வாங்கினார். கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார், எட்ட வைத்துப் பார்த்தார், ஜன்னலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போய்ப் பார்த்தார்.

"அந்த வெள்ளைதானுங்களா மானிட்டரு!"

"ஆமாங்க."

"இத ஏனுங்க யாருமே எங்கிட்டச் சொல்லல?"

"நீங்க இப்பத்தான கேட்டீங்க."

புது கேன்வாஸ் ஏறியது. அதிலிருந்து சீடரைப் பிடிக்க முடியவில்லை. காலை பத்து மணிக்கு வருவார், வெளிச்சம் மங்கும்வரை இருப்பார். சட்டைக் கையில் நீலம், காது மடலில் நீலம். ஒருநாள் தயிர் சாதத்தைத் திறந்தால் அதிலும் நீலம். வயதாகிறது, அடக்கமாக இருப்போம் என்ற நினைப்பெல்லாம் அவருக்குக் கழன்று விழுந்துவிட்டது.

பியூலா ஒன்றைக் கவனித்தார். சீடரின் வலது கை வரையும்போது, இடது கையின் இரண்டு விரல்கள் மேசை ஓரத்தை அடிக்கடி அமுக்கிக்கொண்டிருந்தன.

"இடது கை என்ன பண்ணுதுங்க சார்?"

நாச்சிமுத்து தன் கையைத் தானே குனிந்து பார்த்தார்.

"அடக் கொடுமையே! கம்ப்யூட்டர்ல போட்டத அழிக்கற அன்டூ பொத்தான அமுக்குதுங்க. முப்பது வருசப் பழக்கம். தப்பா ஒரு கோடு போனா அதுபாட்டுக்கு அமுக்குது." கொஞ்சம் தயங்கினார். "இதுல அதுக்கு என்னங்க வழி?"

"ஈரமா இருக்கற வரைக்கும் கந்தல் துணி. காஞ்சு போச்சுன்னா அதோட குடித்தனம் பண்ண வேண்டியதுதான்."

"லேயராவது மாத்தி வெக்க முடியுமுங்களா? கீழ இருக்கறத மேல, மேல இருக்கறதக் கீழ?"

"முடியாது. அடியில எண்ணெய் கம்மி, மேல போகப் போக ஜாஸ்தி. மாத்துனா வெடிச்சுரும். எது முன்னால போச்சோ அது முன்னாலதான்."

"அப்ப ஒவ்வொண்ணையும் போடறதுக்கு முன்னால யோசிக்கோணும்னு சொல்லுங்க."

"நான் சொல்லலீங்க. எண்ணெய் சொல்லுது."

நீலம் ஒரு வாரம் படுத்தி எடுத்தது. திரையில் இருந்த நீலம் வரவேயில்லை. ஐந்து ட்யூபைக் கலந்து பார்த்தார். அதிகமாகக் கலக்கக் கலக்க அது பாத்திரம் கழுவிய தண்ணீராக மாறியது. நாச்சிமுத்து பிரஷை வைத்துவிட்டார்.

"என்னால ஆகாதுங்க டீச்சர். அந்த வெளிச்சம் மெசினுக்குத்தான் வரும்."

பியூலா மங்கலான ஒரு செம்மண் நிறத்தைக் கலந்தார். நீலப் பட்டையின் ஓரமாக, விரல் அகலத்துக்கு ஒரு இழுப்பு இழுத்தார். நகர்ந்து நின்றார்.

நீலம் குபீரென்று எழுந்தது.

"நீலத்துல என்னங்க ஊத்துனீங்க?"

"நீலத்தத் தொடவே இல்லீங்க. பக்கத்து வீட்ட மாத்துனேன்."

நாச்சிமுத்து கைதட்டினார். தட்டின கையோடு போனை எடுத்து மனைவிக்குப் பேசினார். "நீலம் வந்திருச்சு! கேக்குதா? வந்திருச்சு!" என்று மாடி அதிரக் கத்தினார். அந்த அம்மாள், அது வந்தது இருக்கட்டும், நீங்கள் சாப்பிட வருகிறீர்களா இல்லையா என்று கேட்டார்.

ஒவ்வொரு பூச்சும் காய நாள் பிடித்தது. காயும்வரை அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒருநாள் வீட்டிலிருந்து ஹேர் டிரையரைத் தூக்கிக்கொண்டு வந்தார். பியூலா அதை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினார். இன்னொரு நாள் போனை நீட்டினார்.

"சும்மா உக்காந்திருக்க முடியல. நேத்து நானூறு படம் போட்டுப் பாத்தனுங்க."

பியூலா விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

"இதுல எது நல்லாருக்குதுங்க?"

"எதுவும் அந்தளவுக்கு இல்லீங்க."

"மெசினுக்கு எது புடிச்சுதாம்?"

நாச்சிமுத்து சிரித்தார். "அதுக்கென்னங்க, எல்லாம் ஒண்ணுதான்." சொல்லிவிட்டுப் போனைப் பையில் போட்டார். அன்று அவர் அதை மறுபடி வெளியே எடுக்கவில்லை.

ஆவணி வந்தது. பட்டைகள் எல்லாம் முடிந்து, இருட்டும் வந்து சேர்ந்தது. பாக்கி இருந்தது அந்தச் சிவப்பு மட்டும். அவருக்கு அதைத் தொடவே பயமாக இருந்தது. ஒரு வியாழக்கிழமை மூச்சைப் பிடித்துக்கொண்டு சிவப்பை வைத்தார். வைத்த வேகத்தில், திரும்பிக்கூடப் பார்க்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

ஃபார்ம் கொடுக்கக் கடைசி நாள் அந்தச் சனிக்கிழமை, மாலை ஐந்து மணி.

சனிக்கிழமை காலையில் ஸ்கேல், நூல்கண்டு, பென்சில் எல்லாவற்றோடும் வந்தார். பிரிண்டில் கட்டம் கட்டமாகக் கோடு போட்டார். கேன்வாஸின் சட்டத்தில் குண்டூசி குத்தி, அதே கணக்கில் குறுக்கும் நெடுக்குமாக நூல் இழுத்தார். ஆலையில் அது கட்டாயம். பழைய டிசைனையும் புது டிசைனையும் கட்டம் கட்டமாக ஒத்துப் பார்த்து, வித்தியாசத்தை எழுதாமல் எதையும் தறிக்கு அனுப்ப மாட்டார்கள். பன்னிரண்டு மணிவரை குனிந்து எழுதினார். நிமிர்ந்தபோது முகம் தொங்கிப் போயிருந்தது.

"இருபத்து மூணு தப்புங்க டீச்சர்."

"படிங்க."

"மூணாவது கட்டத்துல பட்டை அரை விரக்கடை அகலம் ஜாஸ்தி. அன்னைக்கு மழ வந்துச்சு, ஜன்னலச் சாத்திட்டு வந்தேன், கை எடம் மாறிப் போச்சு. ஏழாவதுல நீலம் ரொம்ப வெளுப்பு. பேத்தி பொறந்திருக்குதுன்னு போன் வந்த நாளு அது. வெள்ளைய அள்ளிப் போட்டுட்டேனாட்ட இருக்குது. பதினொண்ணுல..."

"பெரிய தப்பு எதுங்க?"

"செவப்புங்க. மெசின் போட்டது தனியா நிக்குது. நான் போட்டதுக்கு வாலு மொளச்சு, போயி நீலத்தத் தொட்டுருச்சு. வியாழக்கெழம கீழ அந்தப் பெரிய மோட்டார ஓட்டிப் பாத்தாங்கல்ல? தரையே ஆடுச்சு. அப்பப் போயிருக்கு."

"இன்னும் ஈரமா இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க."

பியூலா ஒரு மெல்லிய கத்தியையும் கந்தல் துணியையும் எடுத்துக் கொடுத்தார்.

"அஞ்சு மணி வரைக்கும் நேரமிருக்குது. திருத்துங்க."

நாச்சிமுத்து நூல்களை அவிழ்த்தார். கத்தி முனையால் சிவப்பின் வாலை மெதுவாகச் சுரண்டினார். துணியில் டர்பன்டைன் தொட்டு, அடியில் காய்ந்திருந்த இருட்டுக்குச் சேதம் வராமல் துடைத்தார்.  சிவப்பு ஒட்டும் உறவும் இல்லாமல் தனித்து நின்றது. அவர் நாலடி பின்னால் வந்தார்.

"எப்படீங்க டீச்சர்?"

"பிரிண்ட் மாதிரியே இருக்குதுங்க."

சிரித்தார். அந்தச் சிரிப்பு முகத்தில் நிற்கவில்லை. போய் உட்கார்ந்தார். எழுந்தார். தண்ணீர் குடித்தார். மறுபடியும் வந்து படத்தின் முன்னால் நின்றார்.

"என்னமோ போயிருச்சுங்க."

"என்ன போச்சு?"

"சொல்லத் தெரியல. முன்னால கண்ணு அந்த மூலையில புடிச்சு அப்படியே மேல வரைக்கும் ஏறுச்சு. இப்ப அங்கயே நிக்குது, ஏற மாட்டேங்குது." படத்துக்கு இன்னும் கிட்டே போனார். "அச்சு அசலாத்தான இருக்குது? ஏனுங்க இப்படி? நீங்களே சொல்லுங்க, எது நல்லாருந்துச்சு?"

"நான் வரையலீங்களே சார்."

அவருக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம். கந்தல் துணியில் அந்த வால் ஒரு சிவப்புக் கறையாக ஒட்டியிருந்தது. அதைத் திரும்பக் கொண்டுவர எந்தப் பொத்தானும் இல்லை.

மணி மூன்று. கீழே கடையில் சாப்பாட்டுக்குப் போயிருந்தார்கள். தரை அசையவில்லை. நாச்சிமுத்து இருப்பதிலேயே மெல்லிய பிரஷை எடுத்தார். சிவப்பைத் தொட்டார். கேன்வாஸுக்கு ஒரு சாண் தூரத்தில் கையை நிறுத்தினார்.

அப்படியே நின்றார். பழி போட இந்தத் தடவை மோட்டாரும் இல்லை, மழையும் இல்லை. போன வால் எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்று யோசித்துப் பார்த்தார். சரியாக ஞாபகம் வரவில்லை. யோசிப்பதை விட்டுவிட்டுப் படத்தைப் பார்த்தார். பத்து நிமிஷம் பார்த்திருப்பார்.

ஒரே இழுப்பு.

பழைய வால் இல்லை அது. அதைவிடக் கொஞ்சம் தாழ்ந்து, அதைவிட மெலிந்து, வளைந்து போய் நீலத்தைத் தொட்டது.

"ஆ!"

பிரஷ் கையோடு அவர் பின்னால் துள்ளியதில் ஸ்டூல் உருண்டது.

"வந்திருச்சுங்க! டீச்சர், ஏறுது பாருங்க, கண்ணு ஏறுது! முன்னாலத்ததவிட நல்லா ஏறுது! எங் கையப் பாருங்க, முடியெல்லாம் குத்திட்டு நிக்குது!"

பியூலா பார்த்தார். இந்த இரண்டரை மாதத்தில் எதற்கும் அவசரப்படாத குரு, கையிலிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார். படத்துக்கு முன்னால் நின்றார். அவருக்கும் முதுகு சிலிர்த்தது. எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கொடுத்தவர், இப்படி ஒரு கோட்டைப் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

"மிச்சம் இருபத்திரண்டு இருக்குதுங்களே?"

நாச்சிமுத்து அந்தப் பட்டியலைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார்.

"கெடக்கட்டுமுங்க."

நாலரை மணிக்கு ஃபார்மை எடுத்து மேசையில் வைத்தார். நீளம், அகலம் எழுதினார். எண்ணெய் வண்ணம் என்று எழுதினார். வீட்டு முகவரி எழுதினார். மேலே இருந்த கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது.

"டீச்சர், மொத நாளு ஒண்ணு கேட்டேன். இப்பப் படம் வந்திருச்சு. இப்பவாவது சொல்லுங்க. கோடு மெசின் போட்டது. நெறமும் அது காட்டுனதுதான். இந்தக் கட்டத்துல யாரு பேர எழுதறதுங்க?"

பியூலா ஜன்னலோரம் பிரஷ்களைக் கழுவிக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

"அச்சு அசலா வந்ததப் பொறுக்க மாட்டாம மறுபடியும் கெடுத்தாரே ஒருத்தரு, அவரு பேர எழுதுங்க."